குவிமாடத்துக்கு டோலி கிடையாது

போகாத ஊருக்கு வழி சொல்லாதே என்று ஊரே சொல்லும். டிராவல்ஸ் தொழிலோ போகாத ஊருக்கு வழி சொல்லித்தான் பிழைக்கிறது. தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு அறை, ரெண்டு கம்ப்யூட்டர், சுவரில் ஒரு உலகப்படம், அதுக்குக் கீழே நான். பெயர் பேச்சியம்மாள். பக்கத்து மேஜையில் காதர் பாய். வளைகுடாவுக்கு டிக்கெட் போட்டுப் போட்டே தலை நரைத்த மனுஷர். காசி, ராமேஸ்வரம், உம்ரா, துபாய் என்று பதினெட்டு வருஷமாக ஊரையே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நான் போன வெளிநாடு கொழும்பு ஒன்றுதான். மூணு நாள் இருந்தேன், மூணு நாளும் மழை. கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வயிறெரியும் சகோதர சகோதரிகளுக்கு இது புரியும். புரியாதவர்கள் ஒரு குடும்பத்துக்கு ஆறு ஜன்னலோர சீட்டு போட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

போன வருஷம் முதல்முறையாக ஐரோப்பாவுக்கு ஒரு சொகுசுப் பயணம் ஏற்பாடு செய்தேன். அதில் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

அங்கன சீசன் எப்போ?

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம் சங்கரபாண்டியன் அண்ணாச்சி படியேறி வந்தார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி, வீடு இலஞ்சியில். தோளில் எப்போதும் ஒரு கிளிப்பச்சைத் துண்டு கிடக்கும். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, அந்தத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "யம்மா பேச்சி, இத்தாலில பிளாரன்ஸுன்னு ஒரு பழைய ஊரு இருக்காம்லா. அங்கன நானும் டீச்சரும் போவணும். எட்டு நாளு. எல்லாம் முதல் தரமா இருக்கணும்" என்றார். டீச்சர் என்பது அவர் வீட்டுக்காரி கோமதி டீச்சர். கட்டின பெண்டாட்டியை அவரும் டீச்சர் என்றுதான் சொல்வார். காதர் பாய் சத்தமில்லாமல் எழுந்து போய் ஸ்பெஷல் டீ சொல்லிவிட்டு வந்தார்.

டீ வருவதற்குள் கேள்வி வந்துவிட்டது. "அங்கன சீசன் எப்போ?" குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் செவ்வாய்க் கிரகத்துக்குப் போனாலும் இதைத்தான் கேட்பான். வெயில்காலம் முழுக்க அங்கே சீசன்தான், ரூம் வாடகை ரெண்டு மடங்கு ஏறிக் கிடக்கும், மார்கழியில் போனால் பாதிக்கு முடியும் என்று சொன்னேன். "அப்ப அங்கன அருவி இருக்கோ?" இல்லை என்றேன். "சாரலு?" அதுவும் கிடையாது, வெயில்தான் அடிக்கும் என்றேன். அண்ணாச்சி சாட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி காதர் பாயைப் பார்த்தார்.

"தண்ணியும் விழாது, சாரலும் கெடையாது, பெறவு என்ன தைரியத்துல வேய் ரேட்டை ஏத்துதான்?"

நாற்பத்தொரு மார்க்

மறுநாள் டீச்சரே வந்தார். என்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். இலஞ்சி பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்பதாவது, பத்தாவது ரெண்டுக்கும் சரித்திரம் எடுத்தவர். நான் ராத்திரி கண் விழித்து அடித்து வைத்திருந்த பயணத் திட்டத்தை வாங்கினார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அடுத்த பத்து நிமிஷத்தில் என் திட்டம் அம்மை போட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. "ஏட்டி, இந்த மாளிகையைக் கட்டினதுல நூறு வருஷம் தப்பு போட்டிருக்க. உனக்கு அப்பவே நாப்பத்தொண்ணுதான் போட்டேன். அதுலயும் ஆறு மார்க்கு பாவம் பாத்துப் போட்டது."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். முப்பத்தொரு வருஷம் மறுமலர்ச்சிக் காலம் பாடம் நடத்தியிருக்கிறார். வருஷா வருஷம் போர்டில் அந்த ஊர்க் கோயிலின் பெரிய குவிமாடத்தை வரைந்து, அழித்து, வரைந்து கை பழகிப்போயிற்று. ஓய்வு பெறுகிற அன்றைக்கு, மாலையோடு மேடையில் இருந்தபோது, ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், நீங்க அதைப் பாத்திருக்கீகளா?" என்று கேட்டுவிட்டது. எல்லோரும் சிரித்தார்களாம். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்தால் மட்டும் போதாது, மேலே ஏறி நிற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். இதில் ஒரு சிக்கல். ரெண்டு முழங்காலும் போச்சு. கார்த்திகையில் ஆபரேஷன், அதுக்கப்புறம் இத்தனை படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறுவதென்றால் இந்த வருஷம்தான்.

எல்லாம் சொல்லி முடித்து, "நீ பாத்திருக்கியா?" என்று என்னையே கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றேன். டீச்சர் முதல்முறையாகச் சிரித்தார்.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான்ட்டி பாத்திருக்கோம்."

எலுமிச்சங்கா விலை

அண்ணாச்சியிடம் யூரோ கணக்கு எடுபடவில்லை, ரூபாய்க் கணக்கும் எடுபடவில்லை. "ஒரு ராத்திரிக்கு எத்தனை மூடைன்னு சொல்லு" என்பார். எலுமிச்சை மூடைதான். சித்திரையில் காய்க்கு நல்ல விலை. அப்போது ஐந்து நட்சத்திர ஓட்டல், தனிக் கார், டிரைவர், சரித்திரம் சொல்ல ஒரு ஆள் என்று திட்டம் ராஜா வீட்டுக் கல்யாணம் மாதிரி இருந்தது. ஆனியில் மழை பிடித்தது, விலை விழுந்தது. ஏலம் முடிந்த கையோடு போன் வரும். "பேச்சி, அந்தக் காரை வெட்டிரு, பஸ்ஸுல போட்டுரு." ரெண்டு நாள் கழித்து, "கேரளாவுக்கு லோடு போயிட்டு. காரைத் திரும்பப் போடு." ஒரே வாரத்தில் நாலு தடவை திட்டம் மாறியது. அங்கே ஓட்டலும் காரும் ஏற்பாடு செய்கிற பிளாரன்ஸ் ஏஜென்ட் மின்னஞ்சலில் வணக்கம் போடுவதையே நிறுத்திவிட்டான்.

ஒன்றே ஒன்று மட்டும் கடைசிவரை மாறவில்லை. ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே குவிமாடம் தெரிகிற ரூம். அதே அளவு ரூம் பின்பக்கம் பாதி விலைக்குக் கிடைத்தது. "ஒரு ஜன்னலுக்குப் போயா இவ்வளவு? நாந்தான் அதுக்கு மேலயே ஏறப் போறேனே, ஜன்னல் வழியா வேற என்னத்துக்குப் பாக்கணும்?" என்று டீச்சர் சண்டை போட்டார். அண்ணாச்சி, "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். காரை வெட்டினார், சரித்திர ஆளை வெட்டினார், ஜன்னலில் கை வைக்கவில்லை. எனக்கோ காலையில் எழுந்தால் முதல் வேலை மண்டிக்குப் போன் போட்டு விலை கேட்பது என்று ஆகிப்போனது. காதர் பாய் ஒருநாள் பெருமூச்சு விட்டார்.

"தங்கச்சி, இருவது வருஷமா தினாரு ரேட்டு பாத்தேன். கடைசில அல்லா என்னை எலுமிச்சங்கா ரேட்டு பாக்க வச்சிட்டான்."

டோலி

குவிமாடத்துக்கு டிக்கெட் எடுக்கிற நாள் வந்தது. ஓட்டலை மாற்றலாம், காரை மாற்றலாம். இதை மாற்ற முடியாது. இன்ன தேதி, இன்ன மணி என்று ஒரு சீட்டு. அந்த நேரத்துக்கு வாசலில் நிற்காவிட்டால் அதோடு சரி. நானூற்று அறுபத்து மூணு படி, ஒரு ஆள் அகலத்துக்குச் சுற்றிச் சுற்றிப் போகும், லிஃப்ட் கிடையாது. இதை அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"லிஃப்டு இல்லன்னா டோலி இருக்கும்லா? சபரிமலைல இல்லியா?" இல்லை என்றேன். "சிறப்பு தரிசன டிக்கெட்டு?" அதிலும் படிதான் என்றேன். "பின்வாசல் வழியா? நாலு மூடை கூடப் போனாலும் பரவால்ல." நான் உலகப்படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அண்ணாச்சிக்கு நிஜமாகவே முகம் வாடிவிட்டது. பணத்தைக் கொடுத்து டீச்சரைப் பூப்போல மேலே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இம்புட்டுக் காசு குடுத்தும் சாமியக் கிட்டக்க காட்டாத கோயிலு உலகத்துலயே இது ஒண்ணுதாம்மா!"

பண்பொழிப் படி

"படிதானே? நம்மகிட்ட இல்லாத படியா?" என்று டீச்சர் பண்பொழி மலைக்கோயிலைப் பிடித்துக்கொண்டார். அறுநூற்றுச் சொச்சம் படி. அதை ஏறிவிட்டால் இத்தாலி எம்மாத்திரம்? ஒவ்வொரு செவ்வாயும் விடிய ஏறுவது என்று திட்டம். துணைக்கு அண்ணாச்சியின் தங்கச்சி சிவகாமி செங்கோட்டையிலிருந்து வருவாள். வாய் மூடாமல் பேசுகிறவள். படி ஏறும்போதும் பேச்சு நிற்காது. அண்ணாச்சி காரில் மலைப்பாதை வழியாக மேலே போய், பிளாஸ்க்கில் காப்பியோடு காத்திருப்பார். "பிளான் போட்டவளும் கூட வரணும்" என்று டீச்சர் என்னையும் இழுத்துப் போட்டார். டிக்கெட் போட்ட பாவத்துக்குப் படி ஏறின டிராவல்ஸ்காரி தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்திதான்.

முதல் வாரம் டீச்சர் எண்பதாம் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. விட்டுவிடுங்கள் டீச்சர் என்றுகூடச் சொன்னேன். அடுத்த செவ்வாய் நூற்றைம்பது. சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு ஆடி மாசத்தில் பாதிப் படியைத் தாண்டினார். ஆடி கடைசிச் செவ்வாய் உச்சிக்கே போய்விட்டார். நான் அப்போதும் நடு வழியில், வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். மேலே இருந்து சத்தம் வந்தது.

"ஏட்டி பேச்சி, இங்கயும் நாப்பத்தொண்ணுதானா?"

பயண நோக்கம்

வீசாவுக்கு ஒரு கடிதம் வைக்க வேண்டும்: ஏன் போகிறீர்கள், ஏன் இந்த ஊர், செலவு யாருடையது. டீச்சர் எழுதிக்கொண்டு வந்தது ஏழு பக்கம், அடிக்குறிப்போடு. அதைப் படித்தால் தூதரகத்தில் இருக்கிறவன் நமக்கு வீசா தருவதற்குப் பதில் பரீட்சைக்கு உட்கார்ந்துவிடுவான். ஒரு பக்கம் போதும் என்று கெஞ்சிப் பார்த்தேன், ஒரு வரியைக்கூட விட்டுத்தர மாட்டேன் என்றுவிட்டார். அண்ணாச்சி ரெண்டு பேரையும் கையமர்த்தினார்.

"'பொண்டாட்டி ஆசைப்பட்டா'ன்னு ஒரே வரி எழுதும்மா. அதுக்கு மேல ஒருத்தனுக்கு என்ன காரணம் வேணும்?"

துண்டு

வீசா வந்தது. சாமான் கட்டுகிற நாளில் ஒரு பட்டியலோடு இலஞ்சிக்குப் போனேன். ஊறுகாய் வேண்டாம், அரிசி வேண்டாம், துண்டு வேண்டவே வேண்டாம் என்று முதலிலேயே எழுதியிருந்தேன். அண்ணாச்சி பெட்டியில் கிளிப்பச்சைத் துண்டு மூணு மடித்து இருந்தது. மண்டியில் வருஷா வருஷம் வியாபாரிகளுக்குக் கொடுப்பதற்காக நெய்யச் சொல்லுவது. கண்ணைப் பறிக்கிற பச்சை. "அண்ணாச்சி, அந்த ஓட்டல்ல ஒரு ஆளுக்கு ஏழு துண்டு வைக்கான். மெத்தை மாதிரி இருக்கும்" என்றேன். அவர் பெட்டியை மூடினார்.

"அவன் துண்டு குளிக்கதுக்கு. என் துண்டு எனக்கு."

வீட்டுக்குள்ளே அடித்த போன்

விமானம் திருவனந்தபுரத்திலிருந்து, ஆவணி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஜோசியர் பார்த்துவிட்டு, அந்த ஞாயிறு கிளம்புவதற்கு ஆகாது, வியாழக்கிழமைதான் நல்ல நாள் என்றாராம். டிக்கெட்டை மாற்றச் சொல்வாரோ என்று எனக்கு உயிர் போயிற்று. அண்ணாச்சி அசரவில்லை. நம்ம பக்கம் அதற்கு வழி இருக்கிறதே, பரஸ்தானம்! நல்ல நாளில் ஒரு பையைக் கொண்டுபோய், போகிற திசையில் இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே கிளம்பியதாகக் கணக்கு. வைத்த பை வீட்டுக்குத் திரும்பக் கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை செங்கோட்டையில் சிவகாமி வீட்டில் பை வைத்தாயிற்று. எல்லோரும் ஒரு வேட்டியும் ஒரு பிடி அரிசியும் வைப்பார்கள். அண்ணாச்சி, பயணத்துக்கு எது முக்கியமோ அதைத்தான் வைக்க வேண்டும் என்று ரெண்டு பாஸ்போர்ட்டையும் வைத்திருக்கிறார். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வியாழக்கிழமையே எனக்கு மாரடைப்பு வந்திருக்கும்.

ஞாயிறு நாலு மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. பகல் பன்னிரண்டரைக்குக் காதர் பாய், ஆரியங்காவு மலைப்பாதையில் மழைக்கு மரம் விழுந்து வண்டியெல்லாம் நிற்கிறது என்றார். நான்தான் பதறி, "அண்ணாச்சி, இப்பவே கெளம்புங்க" என்று விரட்டினேன். ஒரு மணிக்கு அண்ணாச்சியிடமிருந்து போன். செங்கோட்டை வீடு பூட்டிக் கிடக்கிறது. சிவகாமி நாலு மணிக்குத்தானே என்று குற்றாலத்து ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அருவிக்குப் போகிறவர்கள் எல்லோரையும் போல, தண்ணியில் நனைந்துவிடும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அண்ணாச்சி கூப்பிடக் கூப்பிடப் பூட்டின கதவுக்கு உள்ளே போன் அடிக்கிறது. உள்ளே பாஸ்போர்ட். விமானம் போனால் குவிமாடத்துச் சீட்டும் போச்சு; கார்த்திகை வந்தால் டீச்சரின் காலுக்கும் கெடு முடிந்தது. பின்னால் டீச்சர் குரல் கேட்டது, "பூட்டை ஒடைக்க வேண்டாம், அவ வீட்டு வாசல்ல நின்னு அந்தக் காரியம் வேண்டாம்" என்று.

ஸ்கூட்டரை எடுத்தேன். ஐந்தருவியில் அன்றைக்கு நல்ல தண்ணி; பெண்கள் வரிசை பாலம் வரைக்கும் நின்றது. பட்டுக் கரை போட்ட சேலையோடு அத்தனை பேரையும் முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என் ஏழு தலைமுறைக்கும் ஏச்சு விழுந்தது. "சிவகாமீ" என்று கத்தினேன். அந்த இரைச்சலிலும் மூணு சிவகாமி திரும்பிப் பார்த்தார்கள். நாலாவதுதான் நம்ம சிவகாமி. பாறையைப் பிடித்துக்கொண்டு, தண்ணிக்கு அடியிலும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். தாலிக்கொடியில் ஊக்குப் போட்டுச் சாவியை மாட்டியிருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லி, ஊக்கைக் கழற்றுகிறேன். அவள் கவலையே படாமல் என் தோளைப் பிடித்துத் தண்ணிக்குள் இழுத்தாள்.

"பாஸ்போட்டு எங்கயும் போயிராதுக்கா, வந்தது வந்துட்டிய, ஒரு முழுக்கு போட்டுட்டுப் போங்க!"

ஜன்னல்

சொட்டச் சொட்ட செங்கோட்டைக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தேன். பையும் வந்தது, மரத்தையும் அகற்றினார்கள், விமானமும் கிடைத்தது. பதினைந்து நாள் கழித்து ரெண்டு பேரும் படியேறி வந்தார்கள். டீச்சர் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. காதர் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஏறினீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

குவிமாடத்து வாசல் வரைக்கும் அண்ணாச்சி கூட வந்தாராம். வாசலில், "நீ பைய ஏறு, நான் ரூமுக்குப் போறேன்" என்று திரும்பி நடந்துவிட்டாராம். "இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஒரு மணி நேரம் கூட நிக்கக் கூடாதாட்டி? எனக்கு வந்த கோவத்துல முதல் நூறு படி தெரியவே இல்ல" என்றார் டீச்சர். இருநூறில் கால் மரத்துப்போய் ஒரு மாடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் பொறுமையாக நின்றிருக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தண்ணி கொடுத்திருக்கிறாள். பண்பொழியை நினைத்துக்கொண்டு எண்ணி எண்ணி ஏறி, கடைசிப் படியில் தவழ்ந்தே போய் மேலே நின்றுவிட்டார். நல்ல காற்று. கீழே ஊர் முழுக்கச் செவ்வோடு. முப்பத்தொரு வருஷம் போர்டில் வரைந்த ஆறு, பாலம், கோபுரம் எல்லாம் அங்கங்கே அப்படியே இருந்ததாம். "இனிமே எந்தப் பிள்ள கேட்டாலும் சொல்லிருவேன்" என்றார்.

அண்ணாச்சி சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் ரூமுக்குப் போன காரணத்தையும் டீச்சரே சொன்னார். டீச்சர் எப்போது உச்சிக்கு வருவார் என்று அவருக்குத் தெரியாது. அதனால் ரூமுக்குப் போனதிலிருந்து ஒன்றரை மணி நேரம் அந்த ஜன்னலிலேயே நின்று ரெண்டு கையாலும் துண்டை வீசிக்கொண்டே இருந்திருக்கிறார். ஓட்டல்காரன் ரெண்டு தடவை வந்து துணி தொங்கவிடக் கூடாது என்றிருக்கிறான். இவர் குவிமாடத்தைக் கையால் காட்டியிருக்கிறார். மூணாம் தடவை அவனும் பக்கத்தில் நின்று பார்த்தானாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. டீச்சர் முழங்காலைத் தடவிக்கொண்டே, அண்ணாச்சியைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:

"அம்புட்டுப் பெரிய ஊருல, ஏட்டி, எனக்கு மொதல்ல தெரிஞ்சது இவுக துண்டுதான்."

ஆகவே சகோதர சகோதரிகளே, ஜன்னல் வைத்த ரூமுக்கு எதற்கு இரட்டை வாடகை என்று இனி எவர் வந்து சண்டை போட்டாலும், துண்டு வீசுவதற்குத்தான் என்று சொல்லிவிட்டு அட்வான்ஸுக்குக் கை நீட்டிவிடுவேன்.